கைமாறும் தொழில்: கணக்குப் பார்த்து வாங்குவோம்

வீட்டில் இருந்தபடியே தொழில் செய்யப் பலருக்கு ஆசை. மாவு அரைத்து விற்கலாம். ஊறுகாய் போடலாம். அப்பளம் இடலாம். துணி தைக்கலாம். சாப்பாடு சமைத்துக் கொடுக்கலாம்.

தொழிலைப் புதிதாகத் தொடங்கலாம். வேறொருவர் நடத்திவந்த தொழிலை விலைக்கு வாங்கியும் நடத்தலாம்.

நடந்துவந்த தொழிலை வாங்குவதில் வசதி உண்டு. சாமான்கள் தயாராக இருக்கும். வாடிக்கைக்காரர்கள் இருப்பார்கள். முதல் நாளே வியாபாரம் நடக்கும்.

ஆனால் ஆபத்தும் உண்டு. நஷ்டத்தில் ஓடும் தொழிலை லாபத் தொழில் என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். நகையை அடகு வைத்து வாங்கினால் என்ன ஆகும்? தொழிலும் போகும். நகையும் போகும்.

ஆகவே வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்? வாங்கிய பின் எப்படி நடத்த வேண்டும்? இந்தப் பாடத்தில் தெரிந்துகொள்வோம்.

80 ரூபாய்க் கடனில் ஒரு தொழில்

லிஜ்ஜத் அப்பளம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹைதராபாத் கடைகளிலும் அந்தப் பாக்கெட்டைப் பார்க்கலாம். அப்பளத்தைத் தெலுங்கில் அப்படம் என்பார்கள். இந்தியில் பாப்பட் என்பார்கள்.

1959-ஆம் ஆண்டு. பம்பாயில் கிர்காம் என்ற பகுதி. அங்கே லோகாணா நிவாஸ் என்ற குடியிருப்பு. அதில் வாழ்ந்த 7 பெண்கள் கூடிப் பேசினார்கள். அவர்களில் ஒருவர் ஜஸ்வந்திபென் போபட். யாருக்கும் பெரிய படிப்பு இல்லை. கையில் பணமும் இல்லை. அப்பளம் இடத் தெரியும். அதுதான் அவர்கள் முதல்.

சகன்லால் பரேக் என்ற சமூக சேவகரிடம் 80 ரூபாய் கடன் வாங்கினார்கள். அப்போது ஒருவர் அப்பளத் தொழில் நடத்தி நஷ்டத்தில் இருந்தார். அந்தத் தொழிலை இந்தப் பெண்கள் ஏற்றுக்கொண்டார்கள். கடன் பணத்தில் வேண்டிய பொருள்களையும் சாமான்களையும் வாங்கினார்கள்.

மார்ச் 15-ஆம் நாள் மொட்டை மாடியில் வேலை தொடங்கியது. முதல் நாள் 4 பாக்கெட் அப்பளம் ஆயிற்று. அதைத் தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் விற்றார்கள்.

அது நஷ்டத்தில் இருந்த தொழில். அதை எப்படி நிமிர்த்தினார்கள்? மூன்று காரணங்கள் சொல்லலாம்.

முதல் காரணம், தரம். தொடக்கத்தில் இரண்டு வகை அப்பளம் இட்டார்கள். ஒன்று நல்லது. இன்னொன்று மட்டம், விலையும் குறைவு. சகன்லால் பரேக் அதை வேண்டாம் என்றார். தரத்தில் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றார். பெண்களும் அப்படியே செய்தார்கள்.

இரண்டாவது காரணம், கணக்கு. வரவு செலவை ஒழுங்காக எழுதும்படி அவர் வற்புறுத்தினார். தர்மம் போல நடத்தாமல் தொழிலாக நடத்தச் சொன்னார். பெண்களும் யாரிடமும் நன்கொடை வாங்குவதில்லை என்று முடிவு செய்தார்கள்.

மூன்றாவது காரணம், இடைஞ்சலுக்கு வழி கண்டது. அப்பளம் வெயிலில் காய வேண்டும். முதல் ஆண்டு மழை வந்தது. 4 மாதம் வேலை நின்றுபோனது. அடுத்த ஆண்டு ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டில் மேல் அப்பளத்தைப் பரப்பினார்கள். கட்டிலுக்குக் கீழே அடுப்பை வைத்தார்கள். மழையிலும் அப்பளம் காய்ந்தது.

முதல் ஆண்டு விற்பனை 6,196 ரூபாய். 1962-ல் லிஜ்ஜத் என்று பெயர் வைத்தார்கள். குஜராத்தி மொழியில் அதற்குச் சுவை என்று பொருள். 1966-ல் சங்கமாகப் பதிவு செய்தார்கள். இன்று சுமார் 45,000 பெண்கள் அதில் உறுப்பினர்கள். நிலையத்தில் பிசைந்த மாவை வாங்கிப் போகிறார்கள். வீட்டில் அப்பளம் இட்டுக் காயவைக்கிறார்கள். அதைத் திரும்பக் கொடுத்துக் கூலி பெறுகிறார்கள். 2021-ல் ஜஸ்வந்திபென் போபட்டுக்கு அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது.

எல்லோரும் இவ்வளவு பெரிதாக வளர முடியாது. ஆனால் தரம், கணக்கு, இடைஞ்சலுக்கு வழி காண்பது ஆகிய மூன்றும் எல்லோராலும் முடியும்.

நம் பக்கத்தில் ஒரு மாவு வியாபாரம்

இனி ஹைதராபாத்துக்கு வருவோம். இரட்டை நகரமான செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. இட்லி மாவுக்கு அங்கே எப்போதும் தேவை உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். ஒரு அக்கா வீட்டில் மாவு அரைத்து விற்கிறார். 60 வீடுகளுக்குத் தினமும் அரைக் கிலோ மாவு போகிறது. பெரிய கிரைண்டர், தராசு, டிரம், குளிர்பெட்டி எல்லாம் இருக்கின்றன. தொழிலை 40,000 ரூபாய்க்குக் கொடுக்கிறேன் என்கிறார். பக்கத்துத் தெருப் பெண் ஒருவர் வாங்க நினைக்கிறார்.

“ஏன் அக்கா விக்கிறீங்க?”

“முழங்கால் வலி தாங்கலம்மா. ஊருக்குப் போய் மகனோட இருக்கப் போறேன்.”

“கணக்கு நோட்டு இருக்கா அக்கா?”

“நோட்டு எதுக்கு? மாசம் 39,000 ரூபாய் வருது. எல்லாம் மனசுலயே இருக்கு.”

“பத்து நாள் நானும் கூட இருந்து பார்க்கலாமா?”

“தாராளமா வாம்மா. விடியக்காலை வந்துடு.”

அந்தப் பெண் கேட்டவை மூன்றும் நல்ல கேள்விகள். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏன் விற்கிறார்?

இதுதான் முதல் கேள்வி. உடம்பு முடியவில்லை, ஊர் மாறுகிறோம் என்றால் கவலை இல்லை. ஆனால் வேறு காரணமும் இருக்கலாம். பக்கத்தில் புதுக் கடை வந்திருக்கலாம். கிரைண்டர் அடிக்கடி பழுதாகலாம். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லியிருக்கலாம். கோடையில் தண்ணீர் கிடைக்காமல் இருக்கலாம்.

விற்பவர் சொல்வதைக் கேளுங்கள். அதோடு நிற்காதீர்கள். அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். மாவு வாங்கும் நாலு வீட்டில் கேளுங்கள். அரிசி பருப்பு கொடுக்கும் மளிகைக்காரரிடமும் கேளுங்கள். அங்கே கடன் பாக்கி இருந்தால் தெரிந்துவிடும்.

விற்பனை வேறு, லாபம் வேறு

அக்கா 39,000 ரூபாய் என்றார். அது பொய் அல்ல. ஆனால் அது லாபம் அல்ல. மாதம் முழுவதும் மாவு விற்ற பணம் அது. அதில் செலவைக் கழிக்க வேண்டும்.

ஒரு நாள் கணக்கு இது:

30 கிலோ மாவு, கிலோ 50 ரூபாய் வீதம்: 1,500 ரூபாய்

அரிசி 10 கிலோ, கிலோ 45 ரூபாய் வீதம்: 450 ரூபாய்
உளுந்து இரண்டரைக் கிலோ, கிலோ 130 ரூபாய் வீதம்: 325 ரூபாய்
மின்சாரம்: 40 ரூபாய்
கவர்: 60 ரூபாய்
கொண்டுபோய்க் கொடுக்கும் செலவு: 75 ரூபாய்
மொத்தச் செலவு: 950 ரூபாய்

மீதி: 550 ரூபாய்

மாதம் 26 நாள் வேலை என்றால் 14,300 ரூபாய். மாவு சில நாள் புளித்து வீணாகும். கிரைண்டர் பழுதாகும். அதற்கு 1,300 ரூபாய் ஒதுக்குங்கள். மீதி 13,000 ரூபாய். கடன் தவணை 2,500 ரூபாய் என்றால் கையில் நிற்பது 10,500 ரூபாய்தான். ஒரு நாளைக்குச் சுமார் 400 ரூபாய்.

39,000 எங்கே? 10,500 எங்கே?

இந்த 400 ரூபாய் உங்கள் உழைப்புக்குக் கூலி. ஊற வைப்பது, அரைப்பது, கழுவுவது, கொடுப்பது எல்லாம் சேர்ந்து எத்தனை மணி நேரம் ஆகிறது? வேறு வேலைக்குப் போனால் எவ்வளவு கிடைக்கும்? ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொரு கணக்கும் போட வேண்டும். ஆள் மாறியதும் 10 வீடுகள் மாவு வாங்குவதை நிறுத்திவிட்டால்? விற்பனை 25 கிலோவாகக் குறையும். அரிசி, உளுந்து, கவர் செலவும் குறையும். ஆனால் மின்சாரமும் போக்குவரத்தும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். தவணையும் குறையாது. அப்போது கையில் சுமார் 7,600 ரூபாய்தான் நிற்கும். அதிலும் குடும்பம் தாங்குமா? தாங்கும் என்றால் வாங்கலாம்.

இவை எடுத்துக்காட்டு விலைகள். இடத்துக்கு இடம் மாறும். உங்கள் கணக்கில் உங்கள் பகுதி விலையைப் போடுங்கள். மூட்டையாக வாங்கினால் பேகம் பஜார் மொத்தக் கடைகளில் என்ன விலை என்று கேளுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

கூட இருந்து பாருங்கள்

நோட்டு இல்லையா? கண்ணால் பாருங்கள். பத்து நாள் கூட இருங்கள். எத்தனை கிலோ ஊறுகிறது, எத்தனை கவர் போகிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்று தினமும் எழுதுங்கள். யார் ரொக்கம் கொடுக்கிறார்கள்? யார் கடன் சொல்கிறார்கள்? அதையும் எழுதுங்கள். அந்த நோட்டுதான் உங்கள் முதல் கணக்கு.

பத்து நாளில் முழு ஆண்டும் தெரியாது. மே மாதம் பள்ளி விடுமுறை. பல குடும்பங்கள் ஊருக்குப் போய்விடும். விற்பனை குறையும். ஹைதராபாத் கோடையில் மாவு சீக்கிரம் புளிக்கும். டிசம்பர் குளிரில் பொங்க நேரமாகும். அப்பளம், வடகம் என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தில் காயாது. ஆகவே, “எந்த மாதம் நல்லா ஓடும்? எந்த மாதம் மந்தம்?” என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நாம் எதை வாங்குகிறோம்?

சாமான்களைத் தனியாக விலை போடுங்கள். கிரைண்டரை ஓட்டிப் பாருங்கள். கல் தேய்ந்திருக்கிறதா? மோட்டார் சூடாகிறதா? தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இதே போன்ற பழைய கிரைண்டர் வெளியே என்ன விலை என்றும் விசாரியுங்கள்.

சாமான்களின் மதிப்பு 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மீதி 15,000 ரூபாய் எதற்கு? அது வாடிக்கைக்கும் நல்ல பெயருக்கும் கைப்பக்குவத்துக்கும் கொடுக்கும் விலை. அவை கண்ணுக்குத் தெரியாதவை. ஆகவே அவை உண்மையிலேயே உங்கள் கைக்கு வர வேண்டும்.

அதற்கு என்ன செய்யலாம்? விற்பவர் உங்களை வீடு வீடாக அழைத்துப் போய் அறிமுகம் செய்ய வேண்டும். அளவையும் பக்குவத்தையும் சொல்லித் தர வேண்டும். வாடிக்கைக்காரர்கள் கூப்பிடும் போன் எண் முக்கியம். அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால் எல்லோருக்கும் உங்கள் எண்ணைத் தெரிவிக்கச் சொல்லுங்கள். போனில் பணம் செலுத்தும் அட்டை பழையவர் பெயரில் ஒட்டியிருக்கும். அதை முதல் நாளே மாற்றுங்கள். இல்லாவிட்டால் மாவு உங்களுடையது, பணம் அவருக்குப் போகும்.

பணம் எங்கிருந்து?

நூற்றுக்கு 3 ரூபாய் வட்டி என்றால் குறைவாகத் தோன்றும். அது ஒரு மாத வட்டி. 40,000 ரூபாய்க்கு மாதம் 1,200 ரூபாய் ஆகும். ஓர் ஆண்டுக்கு 14,400 ரூபாய். வாங்கிய 40,000 அப்படியே நிற்கும்.

வேறு வழிகள் உண்டு. நீங்கள் சுய உதவிக் குழுவில் இருந்தால் குழு மூலம் கடன் கேட்கலாம். குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டத்தை நபார்டு வங்கி 1992-ல் தொடங்கியது. 2015-ல் முத்ரா கடன் திட்டம் வந்தது. அதில் சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை வங்கியில் கேட்கலாம். அதற்குச் சொத்து அடமானம் வேண்டாம்.

கையில் உள்ள எல்லாப் பணத்தையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். மறுநாள் அரிசி வாங்க வேண்டும். ஒரு மாதச் சரக்குக்கான பணத்தைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதி வாங்குவோம்

“நமக்குள்ளே எழுத்து எதுக்கு?” என்பார்கள். நமக்குள்ளே இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். அதில் இவை இருக்க வேண்டும்:

1. என்னென்ன சாமான்கள், எத்தனை.
2. மொத்த விலை எவ்வளவு. இன்று கொடுத்தது எவ்வளவு. மீதி எப்போது.
3. இந்தத் தேதிக்கு முன் உள்ள கடன் எல்லாம் விற்பவருடையது.
4. எத்தனை நாள் கூட இருந்து சொல்லித் தருவார்.
5. விற்றவர் இதே பகுதியில் இதே தொழிலைத் திரும்பத் தொடங்க மாட்டார்.

ஐந்தாவது மிக முக்கியம். அவர் அடுத்த தெருவில் மறுபடி மாவு அரைத்தால் வாடிக்கை அவரிடமே போய்விடும். தொழிலை அதன் நல்ல பெயரோடு விற்பவர் இப்படி எழுதிக் கொடுக்கலாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. எந்தப் பகுதி என்று தெளிவாகக் குறிக்க வேண்டும். அது நியாயமான அளவில் இருக்க வேண்டும்.

முழு விலையையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டாம். ஒரு பங்கை நிறுத்தி வையுங்கள். சொல்லித் தந்து முடித்த பின் கொடுக்கலாம்.

ஹைதராபாத்தில் பத்திரங்கள் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். படிக்க முடியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நம்பிக்கையான ஒருவரை வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அதை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தொகையையும் தேதியையும் நீங்களே பாருங்கள். கைநாட்டு வைத்த காலம் போய்விட்டது. இன்று நமக்குப் படிக்கத் தெரியும். அந்தப் படிப்பு இங்கேதான் உதவ வேண்டும்.

பதிவுகள்

உணவுப் பொருள் விற்பவர்கள் சிறியவர்களானாலும் பதிவு செய்ய வேண்டும். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதைச் சொல்கிறது. பதிவு செய்தால் 14 இலக்க எண் தருவார்கள். பழையவர் பெயரில் உள்ள பதிவு தானாக உங்கள் பெயருக்கு மாறாது. உங்கள் பெயரில் புதிதாகப் பதிவு செய்யுங்கள்.

சிறு தொழில்களுக்கு உத்யம் பதிவு உண்டு. 2020 ஜூலை முதல் இது நடைமுறையில் உள்ளது. இதற்குக் கட்டணம் இல்லை. யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். வீட்டு மின் இணைப்பில் பெரிய கிரைண்டர் ஓட்டலாமா என்று மின் அலுவலகத்தில் கேளுங்கள். மாநகராட்சி அனுமதி வேண்டுமா என்று வட்டார அலுவலகத்தில் கேளுங்கள்.

வாங்கிய பின்

முதல் மூன்று மாதம் எதையும் மாற்றாதீர்கள். அதே பக்குவம், அதே அளவு, அதே நேரம். வாடிக்கைக்காரர்கள் புது ஆளைக் கவனிப்பார்கள். ஒரு நாள் மாவு புளித்தாலும், “அந்தக்கா இருந்தப்ப நல்லா இருந்தது” என்பார்கள்.

தொழில் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் கலக்காதீர்கள். தனி டப்பா வையுங்கள். முடிந்தால் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். வீட்டுக்கு எடுக்கும் பணத்தையும் நோட்டில் எழுதுங்கள். நம் வீட்டுக்கு எடுக்கும் மாவுக்கும் விலை போடுங்கள்.

கடனுக்கு ஓர் எல்லை வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் பாக்கி வேண்டாம்.

வீட்டுத் தொழிலில் வீட்டாரும் பங்கு எடுக்க வேண்டும். அம்மா ஒருத்தி மட்டும் சமைத்து, அரைத்து, கழுவி, விற்க முடியாது. மாவைக் கொண்டுபோய்க் கொடுப்பதைக் கணவர் செய்யலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளையை வேலைக்காக நிறுத்தக் கூடாது. விடிகாலையில் கிரைண்டர் சத்தம் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு தரலாம். அவர்களிடம் பேசி நேரத்தை முடிவு செய்யுங்கள்.

மாதம் ஒரு நாள் நோட்டைத் திறந்து கூட்டிப் பாருங்கள். லாபமா, நஷ்டமா என்று அது சொல்லும். நஷ்டம் என்றால் காரணத்தைத் தேடலாம். மழைக்குப் பயந்து தொழிலை விடாமல் கட்டிலும் அடுப்பும் வாங்கினார்களே, அதுபோல வழி காணலாம். நோட்டு இல்லாவிட்டால் நஷ்டம் வந்ததே தெரியாது.

சிந்தித்துப் பேசுங்கள்

1. விற்பனைக்கும் லாபத்துக்கும் என்ன வேறுபாடு?
2. உங்கள் தெருவில் வீட்டில் நடக்கும் தொழில்கள் எவை? அவற்றில் ஒன்றின் ஒரு நாள் வரவு செலவைக் கேட்டு எழுதுங்கள்.
3. உளுந்து கிலோ 130-லிருந்து 150 ரூபாய் ஆனால், மேலே சொன்ன மாவு வியாபாரத்தில் ஒரு நாள் மீதி எவ்வளவு? கணக்குப் போடுங்கள்.
4. தையல் தொழில் ஒன்றை வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். விற்பவரிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளை எழுதுங்கள்.